மெத்தென்று இருக்கிறதாம்

செவ்வாய், ஐப்பசி. மழை விடவில்லை.

வயிற்றில் இன்னும் எண்ணெய் மணக்கிறது.

காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். வயிற்றுக்குள் போகும் பெரிய ரத்தக்குழாய் தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் வீங்கியிருக்கிறதாம். "வீக்கம் சின்னதுதாங்க. ஆனா சுவரு நைஞ்சிருந்தா சின்னதும் வெடிச்சிரும். சுவரு எவ்வளவு தாங்கும்னு கொழும்புலதான் பார்க்கணும். அதுவரைக்கும் வயித்த யாரையும் அமுக்க விடாதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் வாய்வு என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பிரஷர். வேறு என்ன சொல்வது?

அந்தப் பொய்தான் வினையாகிப் போனது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து மாரியக்காவைக் கூட்டி வந்துவிட்டாள். தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றில் எண்ணெய் தடவி அமுக்கிக் குடல் தட்டிவிடுகிறவள். "வாய்வுதானே, படுங்க தம்பி" என்றாள். வேண்டாம் என்றால் செல்வி ஏன் என்று கேட்பாள். படுத்துவிட்டேன். கட்டைவிரல் தொப்புளுக்கு மேலே ஊர்ந்து வந்து சரியாக அங்கேயே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள்.

"பயப்படாதீங்க, கட்டியா ஒன்னும் இல்ல. மெத்துன்னுதான் இருக்கு."

செல்வி சிரித்துக்கொண்டே அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

நைந்த துணியும் மெத்தென்றுதான் இருக்கும். மாரியக்காவுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவள் விரல் அங்கே போய்விட்டு வந்திருக்கிறது.

செல்வி தூங்கிவிட்டாள். அவள் கை என் வயிற்றின் மேல் கிடக்கிறது. எடுத்தால் விழித்துக்கொள்வாள். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கை மெல்ல ஏறி இறங்குகிறது.