பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. எதிர்த்த டீக்கடை மூர்த்தியோட விறகடுப்பைப் போன வாரம் நான் அணைக்க வெச்சேன், தப்பு என் மேலதான்னு இந்த வெள்ளிக்கிழமை தெரிஞ்சுபோச்சு. மத்தபடி நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அந்த ஊர்க் குளிர்ல திடமா இருக்கணும்.

காத்துல எவ்வளவு புகைன்னு அளக்குற பெட்டியைத் தெருக்காரங்க சேர்ந்து வாங்கினோமே, அதை நம்ம கற்பூரக் கடை வாசல்லதான் மாட்டணும்னு பிடிவாதம் பிடிச்சேன், நம்பர் பார்க்க நிக்கிறவங்க அப்படியே ரெண்டு பாக்கெட் வாங்குவாங்கன்னு ஒரு நினைப்பு. கமிட்டித் தலைவியும் நானே, யாரால நம்பர் சிவப்பாகுதோ அவங்க ஒரு வாரம் நெருப்பு மூட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டதும் நானே. ஆயுத பூஜைக்குத் தராசு, கல்லாவோட பெட்டிக்கும் பொட்டு வெச்சேன். அன்னியிலேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதுக்கும் சாம்பிராணி. சரியா அதே நேரத்துக்குப் பெட்டி அனுப்புற நம்பர் எல்லார் போன்லயும் சிவப்பு. எதிர்ல மூர்த்தி அடுப்பு எரியுது, வேற யாரைச் சொல்றது? "ஏன்க்கா, மத்த நாள்ல என் அடுப்பு எரியலையா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான், தலைவியா இருந்ததால எனக்குக் காதுல விழலை.

இந்த வெள்ளிக்கிழமை, அடுப்பு அணைஞ்ச சந்தோஷத்துல ஒரு கரண்டி ஜாஸ்தியாவே போட்டுத் தூபக்காலைப் பெட்டி முகத்துக்கு நேரா காட்டினேன். இதுவரைக்கும் ஏறாத உயரத்துக்கு நம்பர் ஏறுச்சு. காலிப் பால் பாத்திரத்தைக் கவுத்து அதுமேல உட்கார்ந்திருந்த மூர்த்தி எழுந்து வந்தார். தூபக்காலை வாங்கித் தெருக்கோடிக்கு எடுத்துட்டுப் போனார், நம்பர் இறங்குச்சு. திரும்பக் கொண்டுவந்தார், ஏறுச்சு. தெருவே பார்க்க மூணு நடை நடந்தார். உங்கப்பாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல், எனக்குத் தண்ணி கொடுக்க மனசு வரலை.

கார்த்திகைத் தீபத்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. கொளுத்திக் காட்டாம சாம்பிராணி விக்கிறது மாப்பிள்ளையைக் காட்டாம பொண்ணு கேக்குற மாதிரி. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம்னு பேசிப் பார்த்தேன், ஒரு வாரம் டீ விக்காத மனுஷன் விடுவாரா, நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

நீயும் ஜன்னலை மூடிக்கிட்டு ஊதுவத்தி கொளுத்தாதே. அண்ணாமலையார் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். தீபத்தன்னிக்கு மறக்காம போன் பண்ணு.

இப்படிக்கு,
அம்மா உண்ணாமலை

பி.கு. பேசி முடிச்சது இது: மூர்த்தி அடுப்பு இன்னிக்கே எரியும். நம்ம கடையில ஒரு வாரம் புகை கிடையாது, வேணுங்கிறவங்க கட்டியை மோந்து பார்த்து வாங்கிக்கணும். தீபம் வரைக்கும் கமிட்டிக்கு டீ அவர் கடையில, செலவு என்னுது. தலைவர் இனிமே மூர்த்தி. பெட்டிக்குக் குங்குமம் மட்டும் வெச்சுக்கலாம்.