கல்கிசையில் எடுத்த அளவு

2008 ஓகஸ்ட் 3, ஞாயிறு. வெள்ளவத்தை.

தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 136 கிலோஹேர்ட்ஸில் அமெச்சூர் வானொலிப் பரிசோதனை செய்ய எனக்குத் தந்திருந்த அனுமதி ஜூன் முப்பதோடு முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தேன். அனுப்பும் இயந்திரத்தின் வலுவை எழுதினால் போதாது, கம்பியிலிருந்து வானலையாக உண்மையில் எவ்வளவு வெளியே போகிறது என்று எழுது என்கிறார்கள். கேள்வி சரியான கேள்வி. அரசாங்கக் கந்தோரில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்கூட.

பதில்தான் இலேசில்லை. இயந்திரம் நூறு வாட் தருகிறது. இந்த அலையின் நீளம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல். என் கம்பியோ வளவிலுள்ள இரண்டு தென்னைகளுக்கு நடுவில் பன்னிரண்டு மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அந்தக் கட்டைக் கம்பிக்குப் போகிற நூறு வாட்டில் அநேகமாக எல்லாம் கம்பிச் சுருளையும் மண்ணையும் சூடாக்குவதோடு சரி. கணக்குப் போட்டால் முப்பத்தாறு மில்லிவாட் வருகிறது. ஒரு டோர்ச் பல்ப் அதைப்போலப் பத்து மடங்கு தின்னும்.

சரோவிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்கோ இவ்வளவு கரண்ட் பில்?" என்றாள். சரோஜினிதேவியைக் கட்டி முப்பத்தொரு வருடம். ஒருநாளும் என் கணக்கைப் பாராட்டியதில்லை.

கணக்கு வேறு, அளவு வேறு. அளந்துதான் எழுதுவேன். விண்ணப்பம் அவர்கள் மேசையில் இருக்கும்வரை பழைய அனுமதி செல்லும். தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் நாங்கள் அப்படித்தான் கோப்புகளை நடத்தினோம்.

ஓகஸ்ட் 5

புவாத் ஒத்துக்கொண்டார். தெஹிவளையில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவர். என் இயந்திரத்துக்கு அந்தப் பெரிய சுருளைப் பெயின்ற் வாளியில் சுற்றித் தந்ததும் அவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்தப் பைத்தியத்தில் மட்டும் என் வயது.

திட்டம் சுலபம். நான் இங்கிருந்து அனுப்ப, அவர் மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய அன்ரனாவோடும் றிசீவரோடும் வேறு வேறு இடங்களில் நின்று, அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்று அளப்பார். தூரம் இரட்டித்தால் அளவு பாதியாகும். ஆகவே தூரத்தையும் அளவையும் பெருக்கினால் எங்கே நின்றாலும் ஒரே எண் வரவேண்டும். அந்த எண்ணிலிருந்து வலுவைச் சொல்லிவிடலாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

புவாத் கொமியூனிகேஷன் கடையிலிருந்து போனில் அளவுகளைச் சொன்னார். ஹெவ்லொக் டவுன், இரண்டு கிலோமீற்றர்: 890 மைக்ரோவோல்ற். தெஹிவளையில் அவர் வீட்டு மொட்டைமாடி, மூன்று: 610. கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கச்சி வீடு, ஒன்பது: 200. பெருக்கிப் பார்த்தால் 1780, 1830, 1800. எழும்பி நின்று கைதட்டினேன். சரோ குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு கல்கிசை, ஐந்து கிலோமீற்றர்: 520. பெருக்கினால் 2600.

இது எங்கேயிருந்து வந்தது?

ஓகஸ்ட் 13

எங்கே நின்று அளந்தீர் என்று கேட்டேன். ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில், ரயில்பாதை ஓரமாக என்றார். அதுதான் காரணம். தண்டவாளமும் அதோடு ஓடுகிற கம்பிகளும் அலையைப் பிடித்துக் கூட்டிக் காட்டும். கல்கிசையை விட்டுவிடுவோம், மூன்று அளவு போதாதா என்று புவாத் கேட்டார். யுத்தத்தால் சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன, மரச்சட்டத்தை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போவது முன்போல இல்லை என்றார்.

போதும் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒரு பிழையான எண்ணைக் கொப்பியில் வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது என்றேன். பாதையிலிருந்து விலகி நின்று இன்னொரு தடவை எடும் என்றேன். சரி என்றார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பத்து மணியிலிருந்து பதினொன்று வரை அனுப்பினேன். போன் வரவில்லை. பிற்பகல் மூன்றாகியும் வரவில்லை. கடைகள் பூட்டோ?

ஓகஸ்ட் 18, திங்கள்

புவாத்தைப் பொலிஸ் பிடித்துவிட்டது. கல்கிசையில். நேற்றுக் காலை பதினொன்றரைக்கு.

அவருடைய மனைவி பலீலா வந்து சொன்னார். உடுப்புக் கொடுக்க இரண்டு நிமிடம் உள்ளே விட்டார்களாம். மரச்சட்டத்தை என்னவோ என்று நினைத்திருக்கிறார்கள். அதைவிட அளவுகளை எழுதிய கொப்பிதான் அவர்களுக்குப் பிரச்சினை. எண்களெல்லாம் இரகசிய பாஷையாம். அனுப்புகிறவன் யார் என்று கேட்டபடி இருக்கிறார்களாம். புவாத் தெரியாது என்றே சொல்கிறாராம்.

"உங்கட பேர மட்டும் யாருக்கும் சொல்ல வேணாமெண்டு சொன்னார் அண்ணன். உங்களெண்டா விட மாட்டாங்களாம்." பலீலா அழவில்லை. "நான் இப்ப என்ன செய்ற?"

பார்ப்போம் என்றேன். யாரையாவது பிடித்துப் பேசிப் பார்ப்போம் என்றேன். யாரைப் பிடிப்பது? எனக்கு யாரைத் தெரியும்? சரோ கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே பலீலா போய்விட்டார்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் ஏணி வைத்து ஏறிக் கம்பியைக் கழற்றினேன். சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன். சுருளைக் குளியலறையில் வாளிகளோடு வைத்தேன். எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள்: அவர் முஸ்லிம், நெடுகக் கொழும்பில் இருக்கிற குடும்பம், நாலு நாளில் விட்டுவிடுவார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் கைதடி. என் அனுமதிக் கடிதத்தில் ஜூன் முப்பது. நான் போனால் இரண்டு பேரும் உள்ளே இருப்போம். அதனால் யாருக்கு என்ன லாபம்?

நல்ல கணக்கு. இதிலும் ஒரு பிழை இல்லை.

ஓகஸ்ட் 20, புதன்

போகவில்லை. இன்றும் போகவில்லை.

பின்னேரம் சரோ கேட்டாள்: "அந்தப் பிள்ளை புவாத் ஏன் ரெண்டாந்தரம் கல்கிசைக்குப் போனது?" நான் போகச் சொன்னேன் என்றேன். அவள் என் வெள்ளைச் சேர்ட்டை எடுத்து அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 21, வியாழன்

ஏழு மணிக்குப் புறப்பட்டேன். ஆணைக்குழுவின் இரண்டு கடிதங்கள், விண்ணப்பப் பிரதி, கணக்குக் கொப்பி. சரோ வாசல்வரை வந்தாள். "சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருப்பன்" என்றாள்.

பொலிஸில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு மரவாங்கில் இருத்தினார்கள். மூன்று மணித்தியாலம். கொப்பியை வாசிக்கத் தெரிந்த ஆள் வரவேண்டுமாம். கடைசியில் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிலிருந்து இளம் கப்டன் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார், பாதி சிங்களம், பாதி இங்கிலிஸ். ஆனால் நம்பவில்லை.

அனுப்பியது நான்தான் என்றேன். கடிதத்தின் திகதியைக் காட்டினார். முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டேன். நூறு வாட் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். வெளியே போவது முப்பத்தாறு மில்லிவாட் என்றேன். அவர் சிரித்தார். நூறு வாட் வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

கடதாசி கேட்டு வாங்கினேன். தூரங்களை எழுதினேன், அளவுகளை எழுதினேன், பெருக்கிக் காட்டினேன். அவர் உடனே கல்கிசையில் விரலை வைத்தார். இது மட்டும் ஏன் பொருந்தவில்லை? ரயில்பாதை என்றேன். பிழையான எண்ணை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்க மனமில்லாமல்தான் இன்னொரு தடவை அனுப்பினேன் என்றேன். சொல்லும்போதே, இதை யார் நம்புவார் என்று எனக்கே தோன்றியது.

இரண்டாந்தரம் எடுத்த அளவைப் புவாத் உங்களுக்குச் சொன்னாரா என்று கேட்டார். இல்லை, அதற்குள் பிடித்துவிட்டீர்கள் என்றேன். கப்டன் புவாத்தின் கொப்பியை எடுத்துத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் என்ன எண் இருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்."

ஆயிரத்தெண்ணூறை ஐந்தால் பிரித்தால் முந்நூற்றறுபது. அது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் புவாத் எங்கே நின்றார்? பாதையிலிருந்து போதுமான தூரம் விலகினாரா? அவசரத்தில் பழைய இடத்திலேயே நின்றிருந்தால்? அப்படியானால் நான் சொல்வது பொய்யாகும், அவரும் பொய்யராவார். முப்பது வருடம் அலைகளோடு மாரடித்திருக்கிறேன். ஒரு எண்ணைச் சொல்ல இப்படிப் பயந்ததில்லை.

முந்நூற்று நாற்பதுக்கும் முந்நூற்றெண்பதுக்கும் நடுவில் என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கொப்பியைத் திருப்பி என் முன்னால் வைத்தார். புவாத்தின் சரிந்த எழுத்து: 352. அதற்குக் கீழே தமிழில் ஏதோ இருந்தது. என்ன என்று கேட்டார். "இப்ப சரி" என்று எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். சொல்லி முடிக்கமுன் கண் கலங்கிவிட்டது.

கம்பி இப்போதும் நிற்கிறதா என்று கேட்டார். கழற்றிவிட்டேன் என்றேன். ஏன்? பயத்தில் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பின்னேரம் ஜீப்பில் வந்து இயந்திரம், சுருள், கம்பி எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். என்னை வீட்டில் விட்டார்கள். மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். சரோ மத்தியானச் சோற்றைச் சூடாக்கித் தந்தாள். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஓகஸ்ட் 23, சனி

புவாத்தை விட்டுவிட்டார்கள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

தெஹிவளைக்குப் போனேன். மெலிந்திருக்கிறார். இடது காதடி வீங்கியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஆனால் என் பங்கை நான் ஒளிக்கவில்லை. திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், மூன்று நாள் வீட்டுக்குள் இருந்தேன், கம்பியைக் கழற்றினேன், எல்லாம் சொன்னேன். "என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தீரே, உமக்கு நான் என்ன செய்வேன்" என்றும் சொன்னேன். பலீலாவுக்கு முன்னால், அவருடைய தங்கச்சிக்கு முன்னால்.

"விடுங்க அண்ணன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம். இருக்கத்தானே வேண்டும்.

செப்டெம்பர் 7

இரண்டு கிழமை. புவாத் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆணைக்குழு விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. அதுபற்றிக் கவலையில்லை. காண்கிற ஆட்களுக்கெல்லாம் புவாத் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேறென்ன செய்ய எனக்கு வக்கிருக்கிறது?

செப்டெம்பர் 14, ஞாயிறு

பின்னேரம் ஐந்தரைக்குப் புவாத் வந்தார். நோன்பு, களைத்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்ணன், நீங்க எல்லாரிட்டயும் என்னப்பத்திச் சொல்லித் திரியுறீங்களாம். அத விடுங்க. நோன்போட அதக் கேட்டுக்கிட்டு ஈக்க ஏலா எனக்கு."

உண்மையைத்தானே சொல்கிறேன் என்றேன்.

"உண்மையில்ல. புதன்கிழம அடிச்சாங்க. வியாழன் விடியக்குள்ள முடிவெடுத்துட்டன். அடுத்த முற கதவத் தொறந்தா உங்கட பேரச் சொல்றதெண்டு. வீட்டு நம்பரயும் சொல்றதெண்டு. கதவத் தொறந்தாங்க. நான் வாயத் தொறக்க முந்தி, உங்கட ஆள் வெளிய வந்து ஈக்கிறானெண்டு சொன்னாங்க."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். மூன்று கிழமையாக நான் கோபம் என்று நினைத்திருந்தது கோபமேயில்லை. கையைப் பிடித்து இருத்தினேன். அவர் அழுதார். நானும் அழுதேன். வெட்கப்படாமல் அழுதோம்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, நோன்பு திறக்கும் நேரம். சரோ தண்ணீரும் ஒரு கோப்பையில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தாள். எப்போது வாங்கி வைத்தாளோ தெரியாது. புவாத் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டவன். ஆனாலும் எடுத்துச் சாப்பிட்டேன்.