பின்பக்கம் திறக்கும் பை

5 அக்டோபர், சனி

தோள்பட்டி இன்று பிய்ந்தே போனது. திரிங்காப் பூந்தோட்டத்தில் தனுஜாவையும் அவள் மாப்பிள்ளையையும் படம் எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறும்போது பை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட வந்த ரூபன் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் இரண்டு கேமராவும் மடிக்கணினியும் சேற்றில் கிடந்திருக்கும். ஆறு வருடப் பை. இனி தாங்காது. டிசம்பர் எட்டாம் தேதி தனுஜா கல்யாணம். இவ்வளவு பெரிய வேலையை இந்த மலையில் எனக்கு இதுவரை யாரும் நம்பித் தந்ததில்லை. அதற்குள் நல்ல பை ஒன்று வாங்கியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது பையின் மூலையில் பழுப்புத் தூசி. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். தேயிலைத் தூள்.

என் பைக்குள் தேயிலைத் தூள் எப்படி வரும்?

இன்னொன்று. இரண்டு ஜிப்பையும் வலது ஓரத்துக்குத் தள்ளித்தான் நான் மூடுவேன். ஆறு வருடப் பழக்கம். இன்று காலையில் இரண்டும் நடுவில் இருந்தன. அவசரத்தில் கவனிக்காமல் கிளம்பிவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது.

6 அக்டோபர், ஞாயிறு

யார்? வீட்டில் நானும் அவரும்தான். அவர் என் கேமரா பக்கமே வர மாட்டார். ரூபன்தான் என் கூடவே சுற்றுகிறவன். மூன்று வருடமாக எனக்கு இரண்டாவது கேமரா பிடிக்கிறான். ரிங்லெட் தவுனில் அவன் அம்மா தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். நான் பசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் பையை அந்தக் கடையில்தான் வைத்துவிட்டுப் போவேன்.

தேத்தண்ணிக் கடை. தேயிலைத் தூள். வேறென்ன வேண்டும்?

என் கேமராவை எடுத்து அவன் தனியாக வேலை செய்கிறானோ? படங்களின் எண் வரிசையைப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணைத் திருத்தத் தெரிந்தவன்தானே அவன்.

9 அக்டோபர், புதன்

மூன்று நாளாக இணையத்தில் பை தேடிக் கண் எரிகிறது. எல்லாப் பையும் 'நீர் புகாது' என்கிறது. எல்லாப் பையும் பதினைந்து அங்குல மடிக்கணினி கொள்ளும் என்கிறது. ஒன்றுக்கு முப்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், முப்பது பேரும் ஒரே வாரத்தில். ஒருத்தி கூடவா பட்டி உறுத்துகிறது என்று சொல்ல மாட்டாள்? எல்லாம் விற்கிறவனே எழுதியது. என்னை என்ன இளிச்சவாய்ச்சி என்று நினைத்தானா.

ரூபன் ஒரு படம் அனுப்பினான். மேல்மூடி திறக்கும் பை, சட்டென்று எடுக்க வசதி என்றான். யார் எடுக்க வசதி?

12 அக்டோபர், சனி

தானா ராத்தாவில் கைருல் கடைக்குப் போனேன். போன் பழுது பார்க்கிற கடை, பழைய கேமராவும் விற்பான். பின்பக்கம் திறக்கிற பை ஒன்று காட்டினான். முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம்தான் வாய். மாட்டியிருக்கும்போது யாரும் திறக்க முடியாது. ஓரத்தில் ரப்பர் வைத்த ஜிப், தண்ணீர் ஒரு சொட்டுப் போகாது, எண் பூட்டும் போடலாம் என்று மலாயில் அடுக்கிக்கொண்டே போனான். நான் அவன் பேச்சை நம்பவில்லை. என் கேமரா, ஜூம் லென்ஸ், மடிக்கணினி எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்கினேன். இடுப்புப் பட்டி எடையைத் தாங்கிக்கொண்டது. தோள் வலிக்கவில்லை.

ஆனாலும் வாங்கவில்லை. இவ்வளவு நல்ல பை இத்தனை நாள் ஏன் விற்காமல் கிடக்கிறது?

15 அக்டோபர், செவ்வாய்

ஆலையில் மாதா மாதம் கொடுக்கும் தூள் பாக்கெட் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் குடிக்கிற வீடு. போன மாதமும் இப்படித்தான். அவரைக் கேட்டால் "தீந்துருச்சா?" என்று என்னையே கேட்கிறார். தேயிலை ஆலையில் தூளை உலர்த்தும் டிரையர் பக்கம் பதினோரு வருடம் வேலை செய்கிற மனுஷனுக்குத் தூள் எங்கே போகிறது என்று தெரியாதாம்.

யாருக்குக் கொடுக்கிறார்?

20 அக்டோபர், ஞாயிறு

நேற்று ஒரு வேலை பண்ணினேன். ஜிப் இரண்டையும் ஓரத்துக்குத் தள்ளி, கருப்பு நூல் ஒன்றைக் கட்டி, பையை ரூபன் கடையில் வைத்துவிட்டு பசாருக்குப் போனேன். இன்று காலையில் பார்த்தால் நூல் இல்லை. ஜிப் நடுவில்.

நேராகக் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். "என் பேக்க தொறந்தியா?" அவன் முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவன் முகம் மாறியது. அவன் அம்மா கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"மூணு வருஷம் ஒங்க பேக்க நான் தூக்கிருக்கேன்க்கா. இனிமே நீங்களே தூக்கிக்குங்க லா," என்றான்.

திருடன் இப்படித்தான் கோபப்படுவான். அப்படித்தானே?

21 அக்டோபர், திங்கள்

கைருலிடம் அந்தப் பையை வாங்கிவிட்டேன். பூட்டும்.

2 நவம்பர், சனி

தீபாவளி முடிந்தது. ரூபனிடமிருந்து ஒரு வாழ்த்துகூட இல்லை. போகட்டும்.

அவர் புதுப் பையைத் தூக்கிப் பார்த்தார். ஜிப்பைத் தடவினார். "இதுக்குள்ள காத்து எப்படிப் போவும்?" என்றார். இத்தனை வருடத்தில் என் சாமானைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. பைக்குள் என்ன போகும் என்று இவருக்கு எதற்கு? பூட்டின் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டுதான் திருப்பினேன்.

பழைய பை அவருக்கு வேண்டுமாம். சாக்கு ஊசியால் பட்டியைத் தைத்து, சோற்றுப் பாத்திரம் கொண்டுபோகிறார்.

10 நவம்பர், ஞாயிறு

மழை. ரிங்லெட்டில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்தேன். கேமராவெல்லாம் பனியில் நனைந்த மாதிரி ஈரம். துடைத்து, பூட்டி, அலமாரியில் வைத்துவிட்டேன். கல்யாணம் வரைக்கும் வேறு வேலை இல்லை. மடிக்கணினி மட்டும் வெளியே.

17 நவம்பர்

மழை. பூட்டு பூட்டினபடி இருக்கிறது. நிம்மதி.

29 நவம்பர், வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

கல்யாணத்துக்குத் தயார் பண்ணலாம் என்று பையைத் திறந்தேன். திறந்ததுமே ஊசல் வாடை. ஜூம் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருக்கிறது. பூஞ்சை. நாலு வருஷமா இந்த மலையில, இந்தப் பனியில, ஒரு புள்ளி வந்ததில்ல. எல்லாரும் கேப்பாங்க, ஒன் லென்ஸ் மட்டும் எப்படி இப்படி இருக்குன்னு. எனக்கே தெரியாது, அதிர்ஷ்டம்னு சொல்லுவேன். இப்ப ஒம்பது நாள்ல கல்யாணம். நான் என்ன பண்ணுவேன்?

தண்ணீர் உள்ளே போகாத பைதான். உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பழைய பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடினேன். அடிப்பலகையைத் தூக்கினால் கீழே இரண்டு துணிப் பைகள். அவருடைய பழைய ஆலைச் சட்டைத் துணி. சாக்கு ஊசித் தையல். உள்ளே தூள் கட்டிதட்டிப் போயிருந்தது. ஒரு ஓரத்தில் தையல் விட்டுக் கொஞ்சம் கொட்டியிருந்தது.

அவர் வாசலில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். இது என்னங்க என்று நீட்டினேன். பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார்.

"டிரையர்லேருந்து வர்ற தூளு ஈரத்த அப்படியே இழுத்துக்கும் விக்கி. பெட்டிய மூடாம விட்டா ஒரு நாள்ல நமத்துரும்ல, அதான். வாரத்துக்கு ஒரு தடவ மாத்துவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து என்றார். நாலு வருடம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கேமராவ தொடக் கூடாதுன்னு நீதான சொன்ன. நான் கேமராவ தொடல."

சொன்னேன். கல்யாணமான மூன்றாம் மாதம், லென்ஸில் கட்டைவிரல் வைத்துவிட்டார் என்று அவர் தங்கச்சி முன்னாலேயே கத்தினேன். நான் அதை மறந்தே போனேன். அவர் மறக்கவில்லை.

புதுப் பையில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டிருக்கவே கூடாது. கேட்டேன்.

"பூட்டு போட்டிருந்த," என்றார். அவ்வளவுதான். திரும்பவும் பூட்ஸ் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

அந்த நூலை நான் சனிக்கிழமை பையைக் கடையிலிருந்து எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தேன். நடுவில் ஓர் இரவு என் வீட்டில் இருந்தது பை. நான் எவ்வளவு பெரிய முட்டாள். ரூபன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

3 டிசம்பர், செவ்வாய்

கடைக்குப் போனேன். அவன் அம்மா முன்னால் கேட்டது, அவன் அம்மா முன்னாலேயே மன்னிப்பும் கேட்டேன். தூள் கதையைச் சொன்னதும் அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ரூபன் சிரிக்கவில்லை. ஜூம் லென்ஸ் இரவல் கேட்டேன். தர மாட்டேன் என்றான். எட்டாம் தேதி தானே கொண்டுவருவானாம், தானே பிடிப்பானாம். என் கையில் கொடுக்க அவனுக்கு நம்பிக்கை இல்லையாம்.

எனக்கு வேண்டியதுதான்.

8 டிசம்பர், ஞாயிறு

தாலி கட்டும் நேரம் ரூபன் மேடைக்கு இடது பக்கம், நான் வலது. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. தனுஜா அழுதது அவன் கேமராவில்தான் சரியாக விழுந்தது. நாள் முழுக்க என்னிடம் நாலு வார்த்தை பேசியிருப்பான். சாப்பிடப் போகும்போது அவன் பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு போனான். வந்து உட்கார்ந்ததும் ஜிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 டிசம்பர், சனி

ஈப்போவில் லென்ஸைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போகவே இல்லை. படத்தில் தெரியாது, எனக்குத் தெரியும்.

பூட்டின் எண்ணை அவரிடம் போன வாரமே சொன்னேன். தலையாட்டினார். தொடவில்லை. தினமும் பார்த்தேன், ஜிப் வலது ஓரத்திலேயே இருந்தது. கேட்கவும் வாய் வரவில்லை.

இன்று சாயங்காலம் பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன், அவர் பார்க்கும்படியாக. பையை அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தேன். தூள் டின்னையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இந்தக் குளிரில் எத்தனை வாளி ஊற்றினேன் என்று தெரியவில்லை. பல் கிட்டிப்போய் வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்று யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பையைப் பார்த்தேன். ஜிப் இரண்டும் நடுவில் இருந்தன.