சந்தேகம் என்று கிடந்த முழங்கால்

என் அன்பு ரத்தினண்ணை,

நான் சிவபாதம். இது என் கையெழுத்தல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் உங்கள் மனைவி, எங்கள் புவனம் அக்கா. கோலியர்ஸ் வுட்டில் உங்கள் வீட்டு முன்னறையில், நீங்கள் ரீவி பார்க்கும் கதிரைக்கு எதிரே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அந்தக் கதிரையில் இப்போது ஒருவரும் இருப்பதில்லை. இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

வருகிற ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். அதற்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். மற்றவர்கள் எழுதியதை அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார். பண்பாளர், பக்திமான், கோயில் தொண்டர் என்று எல்லாம் இருக்கிறது. "இதுக்குள்ள அண்ணை எங்க இருக்கிறார்?" என்று கேட்டேன். "ரீவிக்கு முன்னால இருந்த மனுசனை ஒருத்தரும் எழுதேல்லைத் தம்பி. அது உங்கட பங்கு" என்றார்.

உங்களிடம் ஒளித்து என்ன பயன்? இன்று நான் வந்த காரியம் வேறு. வருகிற வியாழக்கிழமை என் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை வைத்திருக்கிறார்கள். முன்பு இரண்டு தடவை வைத்து, இரண்டையும் வேண்டாமென்று தட்டிவிட்டேன். இதையும் வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்கு இங்கிலீசில் சொல்லிவிட அக்காவைக் கேட்கத்தான் பஸ் ஏறினேன். இதைச் சொன்னதும் அக்கா பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"போன் எடுக்கிறதை முடிவில பாப்பம். முதல்ல இவருக்குச் சொல்ல இருக்கிறதைச் சொல்லி முடியுங்கோ."

சரி, சொல்கிறேன். மலர் வாசிக்கிற சனம் குழம்பக்கூடாது என்றும் அக்கா சொல்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் நீங்கள் ஓர் அமெரிக்கப் பட்டாள முகாமில் கோப்பை கழுவினீர்கள். சமையலறைச் சுவரில் ஒரு ரீவி. அதில் தலைக்கவசம் போட்ட ஆட்கள் இரண்டு பக்கமும் கூர்ந்த ஒரு பந்துக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். பாஷை விளங்காத ஊரில் உங்களுக்கு முதலில் விளங்கியது அந்த அமெரிக்கன் புட்போல்தான் என்று சொல்வீர்கள். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தபோது, மற்றச் சாமான்களோடு அதையும் கொண்டுவந்தீர்கள்.

நான் அப்போது ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி இறந்த வருடம் அது. சின்னச் சத்திரசிகிச்சைதான் என்று தன் காலால் நடந்து போனவள் திரும்பி வரவில்லை. இதயம் தாங்கவில்லை என்றார்கள். ஒருவரிலும் பிழையில்லை. ஆனால் அன்றுமுதல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறு என்றால் என் உடம்பு மறுக்கிறது. கோயில் வாசலில் தனியாக நின்ற என்னை, ஆர் எவர் என்று விசாரிக்காமல், "வாரும், வீட்டை போய் மாட்ச் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்கு என்னில் என்ன தெரிந்தது அண்ணை?

"என்னண்ணை இது, கடா முட்டுற மாதிரி?" என்று கேட்டேன்.

"நீர் இதைக் கல்யாண வீடெண்டு நினைச்சுப் பாரும். பந்தோட நடுவில நிக்கிறவர் மாப்பிள்ளை. முன்னால குனிஞ்சு நிக்கிற அஞ்சு தடியரும் தோழன்மார். மாப்பிள்ளையில தூசி படாமப் பாக்கிறதுதான் அவையின்ர வேலை. அவர் நிதானமாப் பாத்து, பந்தை ஆருக்கு எறியிறதெண்டு முடிவெடுக்கவேணும்."

பந்தோடு நடுவில் நிற்கிறவருக்கு இங்கிலீசில் உள்ள குவாட்டர்பேக் என்ற சொல் அன்றோடு இந்த வீட்டில் இல்லாமல் போனது. மாப்பிள்ளைதான். கோச்சுக்கு, ஊரில் வாத்தியாரைச் சொல்வதுபோல, சட்டம்பியார் என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் ஆட்கள் பச்சைச் சட்டைக்காரர். நீலச் சட்டைக்காரர் தவராசாவின் ஆட்கள். தவராசா பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர், உங்களோடு சண்டை பிடிப்பதற்காகவே நீலத்தைப் பிடித்தவர் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் போன் அடிக்கும். ஞாயிற்று ஆட்டத்துக்கு யார் யார் காயம் என்று அமெரிக்காவில் விடுகிற பட்டியலை நீங்கள் வாசிப்பீர்கள். "கேளும். இடப்பக்கத் தோழன், கணுக்கால், சந்தேகம். ஓட்டக்காரன், விலா, இல்லை." சந்தேகம் என்றால் விளையாடுவாரோ மாட்டாரோ என்று ஞாயிறுதான் தெரியும். இல்லை என்றால் அந்தக் கிழமை அவர் விளையாடமாட்டார். அது முடிந்ததும் குரலை மாற்றாமல் எங்களையும் வாசிப்பீர்கள். "தவராசா, நாரி, விளையாடுவார். புவனம், தடிமன், விளையாடுவா. சிவபாதம், முழங்கால், சந்தேகம்."

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. காதில் விழுந்தது மட்டும் போகாது. "போன மாரியிலும் இதே கணுக்கால்தானே அண்ணை? புல்லு நனைஞ்சு கிடந்த அண்டைக்கு?" என்பேன். "இவருக்கு ஒருக்கால் வாசிச்சாக் காணும், பிறகு நான் இவரைத்தான் வாசிக்கிறது" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். எழுத்துத் தெரியாதவன் என்ற நினைப்பு எனக்கு மற்ற எல்லா இடத்திலும் வரும். உங்கள் வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. இதற்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லையென்றால் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். இப்போது சொல்கிறேன்.

இனிப் புதினங்கள். சட்டம்பியாரை நிற்பாட்டிவிட்டார்கள், அண்ணை. நீங்கள் போன அடுத்த தை மாதமே. தவராசா காலையிலேயே போன் எடுத்து, "உங்கட சட்டம்பியாருக்குப் பென்சன்" என்றார். அக்கா உங்கள் படத்துக்கு விளக்கேற்றி, சத்தமாகச் சொன்னார்.

எத்தனை ஞாயிறு அந்த மனுசனைத் திட்டியிருப்பீர்கள்? பந்தோடு முன்னேற நாலு தரம் விடுவார்கள். மூன்று தரமும் சரிவராவிட்டால், நாலாம் தரம் துணிந்து போகலாம், அல்லது பந்தை எதிராளியிடம் உதைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். சட்டம்பியார் எப்போதும் உதைப்பார். "ஒரு முழம்தானே கிடக்கு, போவன்" என்று ரீவியைப் பார்த்துக் கத்துவீர்கள். பிறகு என் பக்கம் திரும்புவீர்கள். "நீரும் இவரும் ஒரே இனம். டொக்டர் நாள் வைக்க, நீர் உதைச்சுப்போட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிறீர்."

புதிய கோச் இளம் ஆள். நாலாம் தரம் போகிறான். சில வேளை மண்ணைக் கவ்வுகிறான், ஆனாலும் போகிறான். "அண்ணை இருந்திருந்தா இவனையும் திட்டியிருப்பார், துணிவு கூடிப்போச்செண்டு" என்கிறார் தவராசா. உண்மையா?

போன வருடம் ஐப்பசியில் பச்சைச் சட்டைக்காரர் லண்டனுக்கே விளையாட வந்தார்கள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் நீங்கள் முதல் தடவையாக உங்கள் பெயரையும் வாசித்தீர்கள். "ரத்தினம், ஈரல், சந்தேகம்." அப்படித்தான் உங்கள் ஈரல் வருத்தம் எங்களுக்குத் தெரியவந்தது. "போனை வையும், ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு நேரமாகாமல் வெளிக்கிடும்" என்றீர்கள். மைதானத்தில் எங்கள் இருக்கை உச்சியில். பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நீங்கள் கம்பியைப் பிடிக்க, நான் உங்களைப் பிடிக்க, பின்னால் தவராசா, "வழி விடுங்கோ, ஈரலும் முழங்காலும் ஏறுது" என்று தமிழில் கத்திக்கொண்டு வந்தார்.

மூன்றாம் பகுதியில் ஒருவன் தோழன்மாரை உடைத்துக்கொண்டு வந்தான். மாப்பிள்ளையின் கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முழங்காலைப் பிடித்தபடி விழுந்தான். சின்ன வண்டி ஒன்று வந்தது. அவன் அதில் ஏறி இருந்து, கையை உயர்த்தினான். எதிராளிகளின் சட்டை போட்டவர்களும் எழுந்து கை தட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஏறிட்டான் பாத்தீரே" என்று மட்டும் சொன்னீர்கள்.

அவன் வந்துவிட்டான் அண்ணை. இந்தப் புரட்டாதியில், முழங்காலில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு. முதல் ஆட்டத்திலேயே அவனை ஒருவன் விழுத்தினான். ஒருகாலத்தில் ஆட்டம் தொடங்கினால் சமைக்கப் போய்க் குசினிக் கதவைச் சாத்துகிற அக்கா, ரோல்ஸ் தட்டைக் கையில் பிடித்தபடி, "எழும்பு ராசா, எழும்பு" என்றார். எழும்பினான். இப்போது வெள்ளிக்கிழமைப் பட்டியலை வாசிப்பதும் அக்காதான். உங்களைவிட வேகமாக வாசிக்கிறார், நான் இடையில் மறிக்கவேண்டியிருக்கிறது.

இனி ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அக்கா எழுதிக்கொண்டு வரும்போதே முதல் தடவையாகக் கேட்கப்போகிறார்.

லண்டன் ஆட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வாசித்தீர்கள். "மாப்பிள்ளை, முழங்கால், இல்லை. ரத்தினம், ஈரல், இல்லை." அக்கா அழுது, உங்கள் பேரில் அருச்சனை செய்துகொண்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் கோயிலுக்கு அனுப்பினார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நீங்கள் மாப்பிள்ளையின் வெள்ளைக்காரப் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. வலது முழங்கால் எண்டு மட்டும் தெரியும்."

ஐயர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வேற ஆரும்?"

"சிவபாதம், ரோகிணி நட்சத்திரம். இவருக்கும் வலது முழங்கால்தான்."

"உங்கட பேரைச் சொல்லுங்கோ அண்ணை" என்று நான் கையைப் பிடித்தேன். நீங்கள் கையை எடுக்கவில்லை.

"நான் இல்லையெண்டு போட்டாச்சு, தம்பி. இல்லை எண்டவனோட கோச் மினக்கெடுறதில்லை. சந்தேகம் எண்டு கிடக்கிறவனைத்தான் பாக்கவேணும்."

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் திருநீற்றைத்தான் நான் ஒவ்வொரு நாளும் இவற்ற நெத்தியில பூசினனான்" என்றார். பிறகு உங்கள் படத்தைப் பார்த்து, "கள்ளன்" என்றார். சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. கண்ணும் நிறைந்தது.

பிறகு என்னிடம் திரும்பினார். "ரெண்டு முழங்காலுக்குக் கேட்டவர், தம்பி. ஒண்டு எழும்பி ஓடுது. மற்றது போன் எடுத்துக் கான்சல் பண்ணச் சொல்லி வந்து குந்தியிருக்குது." போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "எடுக்கட்டோ?"

நான் என்ன செய்வது அண்ணை? உங்கள் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் என் பெயரைச் சொன்னீர்கள். அதை நான் ஒரு வருடமாகக் காலில் வைத்துக்கொண்டு நொண்டித் திரிகிறேன். பயம் போகவில்லை. மனைவி போன அந்தக் கதவு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. வியாழக்கிழமை அந்தக் கதவால் போகும்போதும் பயத்தோடுதான் போவேன். போனை எடுத்து அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"வேண்டாம் அக்கா. அதுக்குப் பதிலாப் பட்டியலை வாசியுங்கோ."

இன்று செவ்வாய்க்கிழமை, பட்டியல் வரவில்லை என்றார். எங்கள் பட்டியலை வாசியுங்கள் என்றேன். உங்கள் குரலை எடுக்கப் பார்த்தார், சரிவரவில்லை, தன் குரலிலேயே வாசித்தார். கடைசியாக என் பெயர் வந்தது. சந்தேகம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

திவசத்துக்கு ஊன்றுகோலோடு வருவேன். வர விடாவிட்டால் கட்டிலில் இருந்து உங்களை நினைப்பேன், கோபிக்க வேண்டாம். அடுத்த ஐப்பசியில் எந்த நிறச் சட்டைக்காரர் லண்டனுக்கு வந்தாலும், அந்த உச்சிப் படிகளில் ஒருவரையும் பிடிக்காமல் ஏறி, உங்கள் பச்சைச் சால்வையைப் பக்கத்து இருக்கையில் விரிப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் கைபிடித்து ஏறிய தம்பி,
சிவபாதம்
முழங்கால், இந்தக் கிழமை இல்லை. மாசியில் விளையாடுவார்.