நூற்றிப் பத்து ஹெர்ட்ஸ்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கிராஃபில் மறுபடியும் அதே மேடு. போன வாரம்தான் நூற்றிப் பத்து ஹெர்ட்ஸில் ஆறு டெசிபல் குறைத்துச் சரிசெய்தேன். கிராஃப் ஏறக்குறையத் தட்டையாக வந்திருந்தது. இன்று காலை நான் உட்காரும் இடத்தில் மைக்கை நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து அளவெடுக்கிற அந்த ஊளையை ஓடவிட்டேன். உறுமலில் தொடங்கி விசிலில் முடிகிற சத்தம். அதே இடத்தில் நான்கு டெசிபல் துருத்திக்கொண்டு நிற்கிறது, இடது பக்கம் கூடுதலாக.

மகள் ஜென்சி வேலைக்குச் சென்னை போனபின் அவள் அறையை மிக்ஸிங் அறையாக்கி மூன்று வருடம். ஸ்பீக்கர், மேஜை, நாற்காலி எல்லாவற்றுக்கும் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றும் நகரவில்லை. பின்சுவர் அடுக்கின் திரையை விலக்கிப் பார்த்தேன். என் மனைவி கேத்தரினின் புடவைகளும் ரஜாய்ப் போர்வைகளும் அடுக்கியது அடுக்கியபடி இருக்கின்றன. அடிச்சத்தம் முழங்காமல் இழுத்துக்கொள்வது அவைதான். யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் ஸ்பீக்கர்தான். பிலோமின்ராஜ் கொடுத்த ஸ்பீக்கர்.

ஜூன் 7, சனி

ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கராஜன் சார் போன் செய்தார். அவர்கள் கோஷ்டியின் பாராயண ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. "கோஷ்டில பன்னெண்டு பேர் பிரபந்தம் சேவிக்கறா. கேட்டா தகர டப்பாக்குள்ளேருந்து வர்றாப்ல இருக்கு சார். கனமே இல்லை" என்றார்.

இல்லாமல்தான் இருக்கும். இங்கே முழங்குகிறதே என்று நான் அடிக்குரலை வெட்டியிருக்கிறேன். வெளியே போனால் மெலிந்துவிடுகிறது. என் காதை நம்பித்தானே அவர் கொடுத்தார்? இரண்டாம் தடவை திருப்பி அனுப்புகிறார். மூன்றாம் தடவை அனுப்பமாட்டார்.

ஜூன் 11, புதன்

ஞாயிறன்று சரிசெய்தேன். மறுபடி அளந்தேன். நன்றாக இருந்தது. மூன்று நாள் கழித்து இன்று பார்த்தால் மேடு இன்னும் உயரம்.

பிலோமினுக்குப் போன் செய்தேன். இருபது வருடமாக ஒரே கொயரில் பாடுகிறோம். பாலக்கரையில் கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். "ஸ்பீக்கரை எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சியா?" என்றேன். "இல்லையே" என்றவன், "வீட்ல கேத்தரின் நல்லா இருக்காங்களா?" என்றான்.

ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டால் இவளைப் பற்றி ஏன் கேட்கிறான்?

ஜூன் 14, சனி

கேத்தரின் குளிக்கப் போயிருந்தபோது அவள் போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். இந்த வாரம் மட்டும் பிலோமினுக்கு நான்கு தடவை.

"பிலோமின்கிட்ட என்ன பேசினே?"

"கொயர் விஷயங்க."

அவள் கொயரிலேயே இல்லை.

ஜூன் 16, திங்கள்

பதினோரு மணிக்குப் பெரிய பையோடு கிளம்பினாள். "அன்பியம் ஜெபக் கூட்டம்" என்றாள். திரும்பி வரும்போது பை சப்பையாக மடங்கி அவள் கக்கத்தில் இருந்தது.

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும்.

ஜூன் 17, செவ்வாய்

பாலக்கரைக்குப் போனேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எனக்குக் கண்ணே தெரியவில்லை. "கெட்டுப்போன ஸ்பீக்கரை என் தலையில கட்டினே. இப்ப என் வீட்டுக்காரிகூட உனக்கென்னடா பேச்சு?" என்று கத்திவிட்டேன்.

பிலோமின் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல சகாயம். இடத்தை இடது வலது மாத்தி வச்சு அளந்து பாரு. மத்ததைக் கேத்தரின்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

நான் சொல்லக் கூடாதாமே! அப்படியென்றால் சொல்ல ஏதோ இருக்கிறது.

ஜூன் 18, புதன்

அவள் வெளியே போனதும் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். ஸ்பீக்கரில் குறை என்றால் மேடும் அதோடு வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடது பக்கமே நிற்கிறது. அறையில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

கை தட்டிப் பார்த்தேன். முன்பு 'டப்' என்று செத்துப் போகும். இன்று இழுத்தது. பின்சுவருக்குப் போய்த் திரையை விலக்கினேன். புடவைகள் இருந்தன. கையை உள்ளே விட்டேன் — முழங்கை வரைக்கும் போனது. முன் வரிசை மட்டும்தான் இருக்கிறது. பின்னால் வெறும் சுவர். ரஜாய்களும் அப்படித்தான், வெளியே ஒன்று, உள்ளே ஒன்றுமில்லை. இடது பக்க அடுக்கு அனேகமாகக் காலி. அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைலும் இல்லை.

போறாளா? எங்க போறா? யாரோட? நான் உள்ள உக்காந்து டெசிபல் எண்ணிட்டிருக்க, ஒவ்வொரு புடவையா—

எழுத வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலை காபி கொண்டுவந்தபோது திரையைத் திறந்தே வைத்திருந்தேன். பார்த்தாள். தம்ளரை வைத்துவிட்டுக் கட்டில் இல்லாத அந்த அறையில் உட்கார இடம் தேடினாள். என் நாற்காலியைக் கொடுத்தேன்.

"துவாக்குடில பொண்ணுங்க ஹாஸ்டல். வார்டன் வேலை. பிலோமின் அண்ணனோட தங்கச்சிதான் நடத்துறாங்க. ஒண்ணாந்தேதி சேரணும். அங்கயே தங்கணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"மூணு தடவை சொன்னேங்க. ஹெட்போன் போட்டுத் தலையாட்டிட்டிருந்தீங்க. எனக்குன்னு நெனச்சேன். பாட்டுக்கு ஆட்டியிருக்கீங்க."

"அதுக்காகத் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போவியா?"

"மிக்ஸி போட உங்களைக் கேக்கணும். ஃபேன் போடக் கேக்கணும். என் புடவையை நான் எடுக்கறதுக்கும் கேக்கணும். போறேன்னு கேட்டா அதையும் அளந்து பாத்துட்டு வேண்டாம்னுதானே சொல்வீங்க?"

"என்னை விட்டுட்டுப் போறியா?"

"தெரியலைங்க. இப்ப வேலைக்குப் போறேன். அவ்வளவுதான் தெரியும்."

ஜூன் 20, வெள்ளி

அளக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பிலோமின் கடைக்குப் போனேன். அவனை வெளியே கூப்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க" என்றேன்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி கத்தினே. இன்னைக்கு மன்னிப்பு மட்டும் தெருவுல தனியாவா?"

உள்ளே போனேன். ஆர்மோனியம் பழுதுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவரும் வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிலோமின் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். டீ வரவழைத்தான்.

ஜூலை 1, செவ்வாய்

மன்னார்புரத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். பையை நான்தான் தூக்கினேன். "அரிசி டின்ல இருக்கு, இட்லி மாவு நாளை வரைக்கும் வரும்" என்றாள். ஜன்னல் சீட் கிடைத்தது அவளுக்கு.

ஜூலை 12, சனி

மிக்ஸிங் சாமான்களையெல்லாம் பிலோமின் கடை மாடிக்குக் கொண்டுபோனோம். ரெங்கராஜன் சாரை நேரில் வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். "இப்ப நன்னா இருக்கு. எங்க மனுஷா குரலாவே இருக்கு" என்றார். இப்படி நான் யாரையும் பக்கத்தில் உட்காரவைத்ததே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

துவாக்குடி. வரலாமா என்று வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தேன். "மூணு மணிக்கு வாங்க" என்று மெசேஜ் வந்தது.

வாசலில் ஷரபுன்னிசா என்கிற காவலாளி அம்மா நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று எழுதினேன். 'உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? காலியாக விட்டேன்.

கேத்தரின் படியிறங்கி வந்தாள். இரண்டு பெண்கள் "மேம், மேம்" என்று பின்னாலேயே வந்தார்கள். வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்ணீர் லாரி வராதது, சமையலம்மாவின் கோபம், ஊர் நினைவில் அழுகிற முதல் வருடப் பெண் — முக்கால் மணி நேரம் அவளே பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை.

கிளம்பும்போது ஷரபுன்னிசா, "சார், உறவுன்னு போட்ட எடத்துல ஒண்ணும் எழுதலையே" என்றார்.

நான் திரும்புவதற்குள் கேத்தரின் பேனாவை வாங்கி எழுதிவிட்டாள். அவள் உள்ளே போனபின் குனிந்து பார்த்தேன்.

வீட்டுக்காரர்.