நான் தாண்டிப் போன பதினோரு பக்கங்கள்

மார்ச் 2, சனி

பிரிக்பீல்ட்ஸில் அப்பம் வாங்க நின்று ரயிலைத் தவறவிட்டேன். கிள்ளான் டயாலிசிஸ் மையத்துக்குள் நுழைந்தபோது கமலநாதன் சாருக்கு ஊசி குத்தி முடித்திருந்தார்கள். "இருபது நிமிஷம் லேட்டு, அமுதா. பனியம்மா குளிர்ல நின்னுக்கிட்டு இருக்கா" என்றார். பனியம்மா என்பது நாங்கள் தமிழில் படிக்கும் ரஷ்ய நாவலின் நாயகி. அவள் பெயர் நீளம், பக்கத்துக்குப் பக்கம் வேறு மாதிரி கூப்பிடுகிறார்கள். சார்தான் சுருக்கிவிட்டார்.

சர்க்கரை முதலில் அவருடைய சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டது, பிறகு கண்களை. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வருகிறார். சனிக்கிழமை மட்டும் நான் கூட இருக்கிறேன். நான்கு மணி நேரம் நாவல் வாசிக்கிறேன், கைப்பேசியில் வந்ததைப் படித்துச் சொல்கிறேன். அவர் பதினெட்டு வருடம் ஆசிரியராக இருந்த தமிழ்ப்பள்ளியில் நான் குமாஸ்தா. இன்னும் அங்கேதான். வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஏன் இல்லை என்று கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், நல்லது.

மார்ச் 9, சனி

நாவலில் ராணுவ அதிகாரி ஒருவன் சீக்காகக் கிடக்கிறான். மனைவி அவனை விட்டுத் தலைநகரத்துக்குப் போய்விட்டாள். பனியம்மா அவனுக்குக் கஞ்சி வைக்கிறாள், கால் துடைத்துவிடுகிறாள். அவன் நன்றி சொல்கிறான். அவ்வளவுதான். எதுவுமே கேட்காத அன்பு என்று சொன்னேன். சார் சிரித்தார். "எதுவும் கேக்காதவங்கள நம்பாத. ஒரு நாள் மொத்தமா கேப்பாங்க."

ரயிலில் வீடு வரும்வரை எரிச்சலாக இருந்தது. யாரைச் சொன்னார்?

மார்ச் 16, சனி

சார் கைப்பேசியில் உஷாராணியின் செய்தி. ஆறு வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு டெங்கில் ஊரில் தன் தங்கை வீட்டுக்குப் போன மனைவி. மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ரூமியில், ஆங்கில எழுத்தைக் கூட்டித் தட்டிய தமிழ்: உங்களுக்கு உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன், வந்து பாக்கலாமா?

"என்ன வந்திருக்கு?" என்றார் சார்.

"நாளைக்கு உங்க தாமான்ல வீட்டுக்கு வீடு கொசுவுக்குப் புகை அடிக்கிறாங்களாம். ஜன்னலெல்லாம் சாத்தி வைக்கணுமாம்."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது? அவ்வளவு தயாராக?

மார்ச் 17, ஞாயிறு

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மார்ச் 23, சனி

"புகையே வரல. நாள் பூரா வேர்த்து ஊத்திருச்சு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இரண்டாவது செய்தி. பதில் போடலனாலும் பரவால்ல, ஒரு நாள் வரட்டுமா? — படித்தேன், சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை. அழிக்கும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லையாம். என்ன ஒரு நியாயம்.

ஆனால் ஆறு வருஷம் எங்க போயிருந்தாங்க? கால்ல புண்ணு வந்தப்ப யார் பாத்தா? கண்ணு போனப்ப கையப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நான்தானே. நான் என்ன கேட்டேன்? சனிக்கிழமை. வாரத்துல ஒரு நாள். அதுவும் எனக்குக் கூடாதா?

மார்ச் 30, சனி

இன்று எழுதவே கை வரவில்லை. நாவலில் அதிகாரிக்கு மனைவியிடமிருந்து கடிதம் வருகிறது. பனியம்மா வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்துவைக்கிறாள். வாசித்துக்கொண்டே வந்தவள் கண்ணை இரண்டு வரி முன்னே ஓட்டியதில் தெரிந்துபோனது. பதினோரு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன், "அடுத்த அத்தியாயம்" என்றேன்.

சார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஏப்ரல் 6, சனி

மூன்றாவது செய்தி. சரி, இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன் என்றிருந்தது. நிம்மதி வரும் என்று இரவுச் சாப்பாடு வரை பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 13, சனி

சாருக்கு இன்று ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. முன்னதாகவே இயந்திரத்தை நிறுத்தினார்கள். நர்ஸ் போனதும் மெதுவாகச் சொன்னார். "இந்தப் புஸ்தகத்த நான் இருபது வயசுல ரெண்டு தடவ படிச்சிருக்கேன். கடுதாசி வர்ற இடத்தத் தாண்டிட்ட."

நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"அடுத்த வாரம் அதப் படிச்சுக் காட்டு. எனக்கு ஏதாவது வந்திருந்தா அதையும்."

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபமே இல்லை. என் கையைத் தேடிப் பிடித்து இரண்டு முறை தட்டினார், பள்ளியில் பையன்களைத் தட்டுவதுபோல.

அங்கேயே படித்துக் காட்டியிருக்கலாம். மூன்று செய்திதானே. அவரை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. ஏன், வண்டி ஐந்து நிமிடம் நிற்காதா?

ஏப்ரல் 17, புதன்

உஷாராணிக்கு எழுதி எழுதி அழித்தேன். சனிக்கிழமை சாரிடம் சொல்லிவிட்டு அனுப்பலாம்.

ஏப்ரல் 18, வியாழன்

மையத்திலிருந்து அழைத்தார்கள். ஊசி குத்தும் முன்பே மாரடைப்பாம். சார் போய்விட்டார்.

ஏப்ரல் 19, வெள்ளி

உஷாராணி வந்திருந்தார். அழவில்லை. எல்லோரும் மின்சுடலைக்குக் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைக் காட்டினார்.

"போன் பண்ண பயமா இருந்துச்சு. மூணு மெசேஜ் போட்டேன். பாருங்க, மூணுக்கும் புளூ டிக். படிச்சிட்டாரு, பதில் போடல. அவ்ளோ வெறுத்துட்டாரா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்பவள் மாதிரி. படித்தது நான் என்று சொல்லவில்லை.

மே 4, சனி

நேற்று பதினாறாம் நாள். இன்று காலை டெங்கிலுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன், உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. மெசேஜைத் திறந்து படிச்சது நான். அவர்கிட்ட சொல்லல."

அவர் கையில் பூட்டுச் சாவி இருந்தது. திறக்க வந்தவர் திறக்கவில்லை. அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"கடைசியிலயாவது அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. ஆனா ஏதோ வந்திருக்குன்னு கண்டுபுடிச்சிட்டாரு. படிச்சுக் காட்டச் சொன்னாரு. அதுக்குள்ள..."

அப்போதுதான் அழுதார். பையிலிருந்த நாவலைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டி, எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தார் என்று சொன்னேன்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும்லா" என்றார். புத்தகத்தை வாங்கவில்லை. "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. அடுத்த வாரம் வந்து படிங்க."

மே 11, சனி

டெங்கில். கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வெளியே ஒன்று. பதினோரு பக்கங்களையும் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. பனியம்மா கடிதத்தை ஒளிக்கும் இடத்தில் குரல் நின்றது. அவர் காத்திருந்தார், நான் தொடர்ந்தேன்.

முடிந்ததும் எழுந்து தன் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார். என்னுடையதை விட்டுவிட்டார்.

"அடுத்த சனிக்கிழமை லேட்டா வராதீங்க" என்றார். கேட்டைத் திறக்கவில்லை.