அத்தையிடம் என்ன கேட்பது

மார்ச் 4, புதன்

நாத்தனாரிடமிருந்து போன். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இதே பேச்சுதான். "அண்ணி, நீங்க லேபுக்குப் போயிட்டா வீட்ல யாரு இருக்கா? மாசக் கடைசில வந்து அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்." அவள் கவலையில் தப்பில்லை. பெற்ற மகள். நான் மருமகள், என் கணவரும் இறந்துவிட்டார். எந்த உரிமையில் பிடித்து வைப்பது? ஆனால் எனக்கு அத்தை வேண்டும். அத்தைக்கு? கேட்டேன்.

"உங்க இஷ்டம்மா. எனக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான்."

மார்ச் 7, சனி

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் திருட்டு அலாரத்தோடு இருவழிப் பேச்சும் சேர்க்கலாமாம். கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் சுவர்ப் பெட்டி வழியாகக் கண்காணிப்பு மையத்தில் இருப்பவர் பேசுவார். நம் குரல் அவருக்குக் கேட்கும். தேவையென்றால் எனக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்வார். "சரியா வேலை செஞ்சா பாக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். அரை மனசு. எனக்கு அதுவே போதும்.

மார்ச் 11, புதன்

மெக்கானிக் பெட்டியை டீவிக்குப் பக்கத்தில் மாட்டப் போனார். சீரியல் சண்டையைக் கேட்டு மையத்தில் போலீசை அனுப்பிவிட்டால்? நடையில், குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே மாட்டச் சொன்னேன்.

"ஏம்பா, நாங்க பேசறத எல்லா நேரமும் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?" என்றார் அத்தை.

"இல்லம்மா. பொத்தான அழுத்தினாலோ அலாரம் அடிச்சாலோதான் லைன் திறக்கும்."

"அப்ப இவளத் தைரியமா திட்டலாம்."

மார்ச் 12, வியாழன்

அலாரம் போட்டிருந்ததை மறந்து பின்கதவைத் திறந்துவிட்டார் அத்தை. பெட்டியிலிருந்து பெண் குரல்: "யார் பேசறது?" அத்தை: "மொதல்ல நீ யாருன்னு சொல்லு!"

மார்ச் 14, சனி

சோதனை. மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். நாத்தனாரையும் போனில் வைத்துக்கொண்டேன் – என் போதாத நேரம். அத்தை விழுந்த மாதிரி குளியலறைத் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

பெட்டியிலிருந்து அதே பெண் குரல்: "அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. வெச்சிடட்டுமா?"

"வெச்சிடு கண்ணு."

அவ்வளவுதான். லைன் கட்.

நாத்தனார் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பாத்தீங்களா அண்ணி? நெஜமா விழுந்து கெடந்தாலும் அம்மா இதத்தான் சொல்வாங்க."

உண்மைதான். குளியலறையில் விழுந்த அன்றைக்கும் மணிக்கட்டு வீங்கியிருக்க, "ஒண்ணுமில்ல" என்றுதானே சொன்னார்! எரிச்சலாக வந்தது. ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க?

"அந்தப் பொண்ணு பாவம்டி. எங்கயோ உக்காந்துக்கிட்டு என்ன பண்ணும்? கவலைதான படும்?"

மார்ச் 16, திங்கள்

பாத்திரம் தேய்க்கும்போது பிடிபட்டது. நல்லா இருக்கீங்களா என்று யார் கேட்டாலும் அத்தைக்கு அது குசல விசாரிப்பு. அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. கேள்வியை மாற்றினால்?

மையத்தின் மேற்பார்வையாளரிடம் பேசினேன். "எங்க வீட்டுக்கு மட்டும் 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்காதீங்க. எங்க இருக்கீங்க, தரையிலயா நாற்காலியிலயான்னு கேளுங்க. எழுந்து பெட்டிகிட்ட வரச் சொல்லுங்க. வரலேன்னா எனக்குச் சொல்லிடுங்க."

"குறிச்சு வெச்சுடறேன் மேடம்," என்றவர், "எங்க அம்மாகிட்டயும் இப்படித்தான் கேக்கணும் போல" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

லேபில் இருக்கும்போது மையத்திலிருந்து அழைப்பு. "உங்க அத்தை சமையலறைத் தரையில இருக்காங்க. எழுந்திருக்க முடியலயாம்." எப்படி வீடு வந்தேனோ! அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்தபடி பெட்டியோடு கதை பேசிக்கொண்டிருந்தார். நான் வரும்வரை அந்தப் பெண் லைனை வைக்கவில்லை. கணுக்கால் சுளுக்கு, வேறொன்றுமில்லை. நாத்தனாரிடம் மறைக்காமல் சொன்னேன். எந்தக் கால் என்று கேட்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன்."

மார்ச் 29, ஞாயிறு

வந்தாள். அத்தையின் காலில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள். என்னோட வா என்றும் சொல்லவில்லை, இங்கயே இரு என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நாளைக்குக் காலைல காப்பி எங்க குடிக்கப் போற?" என்று கேட்டாள்.

அத்தை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்கதான். நான் இல்லேன்னா இவ வெறும் வயித்தோட வேலைக்கு ஓடிடுவா."

சாயங்கால பஸ்ஸில் நாத்தனாரை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.